குழுவோடு படமெடுக்கப் போனால் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே கை வரவில்லை

திருமங்கலத்தான் (கேள்வி)

வணக்கம். எனக்கு வயது 34. திருமங்கலத்தில் ஒரு மொத்த மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சென்ற தீபாவளிக்குக் கிடைத்த போனஸோடு சேமிப்பில் கொஞ்சம் சேர்த்து, வேறொருவர் பயன்படுத்திய டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றை அதன் 18-55 லென்ஸுடன் வாங்கினேன். பொங்கல் கழிந்து ஒரு 50 எம்.எம். லென்ஸும் வந்து சேர்ந்தது. வீட்டிலும் தெருவிலும் தனியாக எடுக்கும்போது எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அம்மா முறத்தில் அரிசி புடைப்பதையும், எதிர்வீட்டுத் தாத்தா திண்ணையில் செய்தித்தாளோடு தூங்கிப்போவதையும் எடுத்து வைத்திருக்கிறேன். அவற்றில் சில எனக்கே பிடித்திருக்கின்றன.

மதுரையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் விடியற்காலையில் கூடிப் படமெடுக்கப் போகும் ஒரு குழுவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இருபது, இருபத்தைந்து பேர் வருவார்கள். நல்ல மனிதர்கள்தாம். ஆனால் பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்கி, அவர்கள் கூடி நிற்கும் தேநீர்க் கடையை நோக்கி நடக்கும்போதே எனக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடுகிறது. யார் அருகில் போய் நிற்பது, பேச்சு லென்ஸ் பக்கம் திரும்பினால் என்ன சொல்வது என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போவேன். அவர்கள் 70-200 பற்றியும் ஃபுல் ஃபிரேம் பற்றியும் பேசும்போது, புரிந்தவன்போலத் தலையாட்டுவேன். இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் ஆளுக்கொரு கோணத்தைப் பிடித்துக்கொண்டு அவர்கள் வேலையில் இறங்கிவிட, நான் பையைத் திறக்காமலே, ஏதோ இடத்தை ஆராய்பவன்போல நடந்துகொண்டிருப்பேன்.

இரண்டு மாதத்துக்கு முன் கீழக்குயில்குடியில் ஒன்று நடந்தது. சமணர் மலை அடிவாரத்துத் தாமரைக் குளத்தருகே எல்லோரும் நின்றிருந்தோம். முந்தின இரவு தெருவிளக்கு வெளிச்சத்தில் எடுத்துப் பழகியபோது வைத்த ஐ.எஸ்.ஓ. 6400, அதாவது இருட்டுக்கான அதிக ஒளியுணர்வு அளவு, அப்படியே நின்றிருக்கிறது. அதை மாற்ற மறந்து, நாற்பது படம் எடுத்துவிட்டேன். குழுவின் மூத்தவர் ஒருவர் என் திரையை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். தாமரையெல்லாம் மணல் தூவியதுபோல் இருந்தது. "தம்பி பட்டப்பகலிலேயே இருட்டைத் தேடுகிறார்" என்றார். நான்கைந்து பேர் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் ஊருக்குத் திரும்பும் பேருந்தில் காது மடல் சுட்டுக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு குழுவின் வாட்ஸ்அப்பில் நான் ஒரு படமும் போடவில்லை. கேட்டால் "இன்று ஒன்றும் சரியாக அமையவில்லை" என்று பொய் சொல்கிறேன். ஒரே ஒருநாள் மட்டும் இரவு 11 மணிக்குத் துணிந்து ஒரு படத்தைப் போட்டேன். பத்து நிமிடம் யாரும் ஒன்றும் சொல்லாமல் போகவே அழித்துவிட்டேன். செய்தி அழிக்கப்பட்டது என்ற வரி மட்டும் அங்கே நின்றுகொண்டு என்னைக் கேலி செய்ததுபோல் இருந்தது.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். என் படங்கள் உண்மையிலேயே மோசமாக இருப்பதால் இந்தக் கூச்சம் வருகிறதா, அல்லது கூச்சத்தால் படங்கள் மோசமாகின்றனவா? இதை எப்படிப் பிரித்தறிவது? குழுவை விட்டு விலகித் தனியாகவே எடுக்கலாமா? இதே நிலையைக் கடந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.


பழைய இருட்டறை

தம்பி, உங்கள் ஐ.எஸ்.ஓ. கதையைப் படித்ததும் எனக்கு 1984ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அப்போது நான் ஒரு ஸ்டூடியோவில் உதவியாளன். திருப்பரங்குன்றத்தில் ஒரே முகூர்த்தத்தில் முதலாளிக்கு இரண்டு கல்யாணம் வந்துவிட, ஒன்றுக்கு என்னைத் தனியாக அனுப்பினார். கையில் பென்டாக்ஸ் கே1000. அந்தக் கேமராவில் ஃபிளாஷ் போட்டு எடுக்க வேண்டுமானால் ஷட்டர் வேகம் 60இல் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால், ஃபிளாஷ் வெடிக்கும் நேரத்தில் ஷட்டர் திரை முழுவதும் திறந்திருக்காது, படத்தின் ஒரு பக்கம் மறைந்துபோகும். இது எனக்கு மனப்பாடமாகத் தெரியும். ஆனால் நாதஸ்வரமும் கெட்டிமேளமும் சேர்ந்து ஒலித்த அந்தப் பதற்றத்தில் விரல் பட்டு 125க்குப் போயிருக்கிறது. மறுநாள் நெகடிவைக் கழுவித் தொங்கவிட்டுப் பார்த்தால், தாலி கட்டும் படங்களில் மணப்பெண் இருக்கிறாள், மாப்பிள்ளையைக் காணவில்லை.

இரண்டு நாள் கடைப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் முதலாளி ஆள் விட்டுக் கூப்பிட்டார். திட்டவில்லை. அதற்குள் அவரே அந்த வீட்டுக்குப் போய், உள்ளதைச் சொல்லி, மறுவீட்டுக்கு வந்திருந்த தம்பதியை ஸ்டூடியோவுக்கு அழைத்து மாலையோடு உட்கார வைத்துப் பணம் வாங்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறார். என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: கேமராவைப் பைக்குள் வைக்கும் முன் எல்லாத் திருகையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு வை. நாற்பது ஆண்டாக அதைச் செய்கிறேன். நீங்களும் இரவு படமெடுத்து முடித்ததும் ஐ.எஸ்.ஓ.வை 200க்கும், முறையை அப்பெர்ச்சர் முன்னுரிமைக்கும், எக்ஸ்போஷர் திருத்தத்தைப் பூஜ்யத்துக்கும் கொண்டுவந்துவிட்டுப் பையை மூடுங்கள். இது மறதிக்கான மருந்து, கூச்சத்துக்கு இல்லை என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும், திரையை யார் வாங்கிப் பார்த்தாலும் இன்ன தவறு இருக்காது என்ற உறுதி ஒன்றாவது கையில் இருக்கட்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் காலத்தில் ஒரு ரோலில் 36 படம். அதில் பிரிண்ட் போட்டது எட்டோ பத்தோ. மிச்சம் எப்படி இருந்தது என்பது இருட்டறைக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். ஒருவர் எடுத்த படத்தை அவர் எடுத்த நிமிடத்திலேயே, அதுவும் வெயிலில், மூன்றங்குலத் திரையில் பெரிதாக்கி இன்னொருவர் பார்ப்பது என்ற வழக்கமே அப்போது கிடையாது. கழுவி, காயவைத்து, பென்சிலால் டச்சிங் செய்து, வெட்டி ஒட்டியதைத்தான் உலகம் பார்த்தது. உங்கள் குழுவில் சிறந்தவர் என்று நீங்கள் நினைப்பவரின் மெமரி கார்டை ஒருநாள் முழுவதும் பார்க்கக் கிடைத்தால், உங்களுக்கு அன்று நல்ல தூக்கம் வரும்.

மதுரையை 1858இலேயே படமெடுத்தவர் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவக் கேப்டன். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் என்பது அவர் பதவி. திருமலை நாயக்கர் மகாலையும் கோயிலையும் தெப்பக்குளத்தையும் அவர் எடுத்த படங்கள் இன்றும் பார்ப்பவர்களை நிறுத்திவைக்கின்றன. மெழுகிட்ட காகித நெகடிவ் என்பதால் வெளிச்சம் பதிய வெகுநேரம் ஆகும். நடமாடும் மனிதர்கள் பதிய மாட்டார்கள், வானமும் வெறுமையாக வெளுத்துப் போகும். வெளுத்த வானத்தை அவர் அப்படியே விடவில்லை, நெகடிவிலேயே கைப்பட மேகம் வரைந்து சேர்த்திருக்கிறார். அவர் குறைகளை அவரும் அறைக்குள் வைத்துத்தான் சரிசெய்திருக்கிறார், தம்பி.

திரையை இன்னொருவர் கேட்டால் "வீட்டுக்குப் போய்ப் பொறுக்கி எடுத்து அனுப்புகிறேன்" என்று சொல்லுங்கள். எங்கள் தலைமுறைக்கு அது சாதாரணப் பேச்சு.


தனிநடை

விலகிவிடுங்கள். படமெடுப்பதற்கு இருபத்தைந்து பேர் எதற்கு? நான் அரிட்டாபட்டிக்குப் பறவை பார்க்கப் போகிறவன். 2022இல் அரசு அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழகத்தில் அந்தப் பெயர் பெற்ற முதல் இடம். பாறை உச்சியில் லகர் வல்லூறு வந்து உட்காருவதற்கு மூன்று மணி நேரம் அசையாமல் காத்திருக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் இருமினால் அன்றைய பொழுது போயிற்று. அங்கே என் லென்ஸ் எத்தனை எம்.எம். என்று யாரும் கேட்பதில்லை.

சிகாகோவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த விவியன் மேயர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்துவிட்டு, ஏறத்தாழ யாரிடமும் காட்டாமலே வாழ்ந்தார். 2007இல் அவர் பெட்டிகள் ஏலத்தில் போன பிறகுதான் வெளியே தெரிந்தது. கைதட்டுவதற்கு ஆள் இல்லாமலும் நல்ல படம் எடுக்கலாம் என்பதற்கு அவரே போதும். கூச்சம் வியாதி இல்லை. கூட்டத்தை விட்டுவிட்டால் அதற்கு வேலையும் இல்லை.


மண்வாசல்

மேலே எழுதிய இருவரின் சொல்லையும் மதிக்கிறேன், ஆனால் இருவரும் இதை முழுக்க முழுக்கக் கேள்வி கேட்டவரின் மனத்துக்குள் நடக்கும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவருடைய கேமராவை வாங்கி, பெரிதாக்கிப் பார்த்து, நான்கு பேர் காதில் விழும்படி நகைச்சுவை செய்தது அவரல்ல, இன்னொருவர். அந்தப் பெரியவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். இருந்தாலும் எட்டு மாதமாக ஒரு மனிதர் பெரும்பாலும் பையைத் திறக்காமல் நடப்பதை இருபத்தைந்து பேரில் ஒருவரும் கேட்கவில்லை என்பது குழுவின் குறை.

நான் வங்கியில் வேலை பார்க்கிறேன், மதுரைதான். இப்படிப்பட்ட ஒரு குழுவில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். பெரும்பாலான ஞாயிறுகளில் நான் ஒருத்திதான் பெண். நான் கேட்காமலே என் கேமராவின் திருகைத் திருப்பி "இப்படி வையுங்கள், நன்றாக வரும்" என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர், நான் வேண்டுமென்றே மெதுவான ஷட்டரில் வைத்து, பூக்காரப் பெண்ணின் கை அசைவு கலங்கலாக வரவேண்டும் என்று முயன்றுகொண்டிருந்தபோது, அதைத் தவறு என்று எண்ணி வேகமான 500க்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று வீட்டுக்குப் போய், ஒருவேளை எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லையோ என்று நானே நினைத்தேன். நான் அதை அறிந்து செய்தேன் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தும் அந்த எண்ணம் வந்தது. ஆகவே சகோதரரே, உங்களுக்கு வரும் ஐயம் உங்கள் படத்தைப் பற்றி எதையும் தெரிவிப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல படத்தின்மேலும் அது வரும்.

நான் செய்தது முழு விலகலும் இல்லை. அந்தக் குழுவில் எப்போதாவது வரும் இன்னொரு பெண்ணும் நானும் பேசிவைத்துக்கொண்டு, விளாச்சேரிக்குப் போக ஆரம்பித்தோம். திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. விநாயகர் சதுர்த்திக்கு முன் பிள்ளையார், பிறகு கொலு பொம்மைகள், கார்த்திகை பிறந்ததும் கிறிஸ்துமஸ் குடிலுக்கான சுரூபங்கள் என்று அந்த வீதி ஆண்டு முழுவதும் மண்ணும் வண்ணமுமாகவே இருக்கும். முதல் மூன்று முறை கேமராவை வெளியே எடுக்கவில்லை. உட்கார்ந்து பேசினோம், பொம்மை வாங்கினோம். நான்காம் முறை ஒரு வீட்டு அம்மாவே "படம் பிடிக்கணும்னு வந்துட்டு எதுக்கும்மா பைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்க" என்று கேட்டுவிட்டார். அந்த ஓராண்டில் எடுத்ததுதான் என்னிடம் இருப்பவற்றில் உருப்படியானது.

இருவராகப் போவதில் ஒரு வசதி உண்டு. ஒருவர் எடுக்கும்போது இன்னொருவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். எடுக்கப்படுகிறவர்களுக்கும் அது இயல்பாக இருக்கும். அதுபோக, ஒருவரிடம் மட்டும் படத்தைக் காட்டுவதற்கும் இருபத்தைந்து பேர் கொண்ட வாட்ஸ்அப்பில் போடுவதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. உங்கள் குழுவில் உங்களைப்போலவே ஓரமாக நடக்கும் இன்னொருவர் நிச்சயம் இருப்பார். அவரைத் தேடுங்கள்.

தனிநடை அவர்களுக்கு ஒரு சொல். விவியன் மேயர் விட்டுப்போனவற்றில் கழுவப்படாத ரோல்களும் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவர் எடுத்த படங்களில் பலவற்றை அவரே பார்க்கவில்லை. அதை நான் ஆசைப்படத்தக்க வாழ்க்கையாக நினைக்கவில்லை.


திருமங்கலத்தான்

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. பெரியவர் சொன்ன மாப்பிள்ளை இல்லாத கல்யாணப் படத்தை நினைத்து வெகுநேரம் சிரித்தேன், மன்னிக்கவும். அக்கா சொன்னதுபோல ஓரமாக நடக்கும் இன்னொருவர் இருக்கிறாரா என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவர் இருக்கிறார், எப்போதும் எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் எடுத்து வருபவர். அவர் படமெடுத்து நான் பார்த்ததே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. குழுவில் எந்தப் படம் போட்டாலும் "அருமை", "சூப்பர்" என்றோ கட்டைவிரல் படமோதான் பதிலாக வருகிறது. அல்லது பதிலே வராது. இதை வைத்து என் படம் எப்படி இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? யாருக்குப் பதினைந்து கட்டைவிரல், யாருக்கு மூன்று என்று எண்ணுவது எனக்கு ஒரு கெட்ட பழக்கமாகவே ஆகிவிட்டது.


ஞாயிறு ஐந்தரை

நானும் ஒரு சிறு குழுவைக் கூட்டிச் செல்கிறவன்; பன்னிரண்டு பேர், ஒத்தக்கடைப் பக்கம். பள்ளியில் கணக்கு ஆசிரியர். ஒரு ரகசியம் சொல்கிறேன். ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் நாளைக்கு யாரும் என்னோடு பேசாமல் போய்விடுவார்களோ என்ற பயத்தோடுதான் படுக்கிறேன். கூட்டிச் செல்கிறவனுக்கு ஒரு வசதி, ஆட்களை எண்ணுவது, தேநீருக்குச் சொல்வது, வண்டி நிறுத்த இடம் காட்டுவது என்று வேலைகளுக்குள் ஒளிந்துகொள்ளலாம். தண்ணீர் பாட்டில் நண்பரை எனக்கு நன்றாகப் புரிகிறது.

தாமரைக் குளத்துச் சிரிப்பை உங்கள் குழுவில் எத்தனை பேர் இன்று நினைவில் வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் கிலோவிச்சும் உடனிருந்தவர்களும் 2000ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு, அணியவே கூச்சப்படும்படி ஒரு பாடகரின் முகம் அச்சிட்ட பனியனைப் போட்டுவிட்டு, மற்றவர்கள் நிறைந்த அறைக்குள் அனுப்பினார்கள். பனியன் அணிந்தவர்கள், அறையில் பாதிப் பேராவது அதைக் கவனித்திருப்பார்கள் என்று கணித்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறத்தாழ கால்வாசிப் பேரே. நம் கண்ணுக்கு நம் தவறு மிக அருகில் இருக்கிறது. மற்றவர்கள் கண்ணுக்கு அவரவர் தவறு அருகில் இருக்கிறது.

இனி கட்டைவிரல் கணக்குக்கு வருகிறேன். இதில் மதுரைக்கே உரிய ஒரு சிக்கல் இருப்பதாக நான் நினைக்கிறேன். நம் ஊரில் படமெடுப்பவர்கள் எல்லோரும் ஆண்டு முழுவதும் ஒரே பத்துக் காட்சிகளைத்தான் எடுக்கிறோம். தை பிறந்தால் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர். தைப்பூசத்துக்குத் தெப்பம். சித்ரா பௌர்ணமிக்கு அழகர் ஆற்றில் இறங்குவது. இடைப்பட்ட ஞாயிறுகளுக்கு யானைமலை விடியலும் மகால் தூண்களும். கோயிலுக்குள் கைபேசிக்கும் கேமராவுக்கும் அனுமதி இல்லாததால், சித்திரை வீதிகளிலிருந்து தெரியும் கோபுரத்தை இருபத்தைந்து பேரும் ஒரே மூலையில் நின்று எடுக்கிறோம். பிறகு அந்த இருபத்தைந்து கோபுரமும் ஒரே வாட்ஸ்அப்பில் வரிசையாக வந்து விழுகின்றன. ஒப்பிடாமல் என்ன செய்வீர்கள்? அங்கே வேறுபாடு என்பது லென்ஸின் விலையும், யார் ஏணி கொண்டுவந்தார் என்பதும்தான். திமில் பிடித்த வீரனின் முகத்தைத் தடுப்புக்கு வெளியிலிருந்து எட்டிப் பிடிக்க 400 எம்.எம். வேண்டும், உங்கள் 50 எம்.எம். அந்தப் போட்டியில் தோற்பது உங்கள் திறமையால் அல்ல.

நீங்கள் கேள்வியின் முதல் பத்தியில் போகிறபோக்கில் இரண்டு படங்களைச் சொன்னீர்கள். முறத்தில் அரிசி புடைக்கும் அம்மா, திண்ணையில் தூங்கிப்போகும் தாத்தா. அவற்றோடு ஒப்பிட உங்கள் குழுவில் யாரிடமும் எதுவும் இல்லை. அவற்றை ஏன் அங்கே போடவில்லை என்று நான் கேட்கப் போவதில்லை, ஏனென்றால் எனக்குப் பதில் தெரியும்: அது "படம்" இல்லை, வீட்டு விஷயம் என்று நினைத்திருப்பீர்கள்.

போடும்போது வெறும் படமாகப் போடாதீர்கள். ஒரு கேள்வியோடு போடுங்கள். "எப்படி இருக்கிறது" என்று கேட்டால் "அருமை" தவிர வேறு எதை எழுத முடியும்? "அம்மாவின் கையை மட்டும் வைத்து வெட்டியிருக்கிறேன், முகமும் வேண்டுமா" என்று கேளுங்கள். "வாசல் வெளிச்சம் வெளுத்துவிட்டது, உறுத்துகிறதா" என்று கேளுங்கள். என் குழுவில் கேள்வி இல்லாத படத்துக்குக் கருத்துச் சொல்வதில்லை என்று ஓராண்டாக வைத்திருக்கிறோம். முதல் மாதம் படங்களே வரவில்லை. இப்போது ஒரு படத்துக்கு அரை மணி நேரம் சண்டை நடக்கிறது, அதிலும் இரண்டு பேர் எனக்கு எதிராகவே எப்போதும் பேசுகிறார்கள்.

உங்கள் முதல் கேள்விக்கும் இதிலேயே ஒரு வழி இருக்கிறது. ஒரு மாதத்துக்குத் தனியாக எடுத்த பத்தும், குழுவோடு எடுத்த பத்தும் தனித்தனியாக வையுங்கள். ஆறு வாரம் பார்க்காதீர்கள். பிறகு எடுத்த இடமும் நாளும் மறந்துபோன நிலையில் கலந்து வைத்துப் பாருங்கள். குழுவில் எடுத்தவை மட்டும் தளர்ந்திருந்தால், கெடுப்பது கூச்சம். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால், கற்க வேண்டியது இன்னும் இருக்கிறது, அது எல்லோருக்கும் உள்ளதுதான்.


மண்வாசல்

ஐயா, உங்கள் பனியன் ஆய்வில் கால்வாசிப் பேர் கவனிக்கத்தானே செய்தார்கள்! இருபத்தைந்து பேரில் ஆறு பேர். தாமரைக் குளத்தில் சிரித்தவர்களும் ஏறக்குறைய அத்தனை பேர்தான். யாரும் பார்க்கவில்லை என்று தேற்றுவதைவிட, பார்த்தவர்களில் ஒருவரிடமாவது "அன்று நீங்கள் அப்படிச் சொன்னது எனக்குச் சங்கடமாக இருந்தது" என்று தனியாகச் சொல்லிவிடுவது நல்லது என்பது என் எண்ணம். நான் அந்தத் திருகைத் திருப்பியவரிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அடுத்த வாரம் பேசவில்லை. அதற்கடுத்த வாரம், கேமராவைத் தொடும் முன் "பார்க்கலாமா" என்று கேட்டார்.


பழைய இருட்டறை

அந்த அம்மா சொல்வது நியாயம். நான் எழுதியதில் அது விட்டுப்போயிற்று. என் முதலாளி அன்று நாலு பேர் முன்னால் சிரித்திருந்தால் நான் இந்தத் தொழிலில் இருந்திருக்க மாட்டேன்.


திருமங்கலத்தான்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அந்த மூத்தவரிடம் பேசும் தைரியம் இன்னும் வரவில்லை; அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் தண்ணீர் பாட்டில் அண்ணனிடம் பேசினேன். அவரிடம் இருப்பது பதினைந்து ஆண்டு பழைய காம்பாக்ட் கேமரா ஒன்றுதானாம், அதை வெளியே எடுக்கவே வெட்கமாக இருக்கிறது என்றார். என் கேமராவைப் பார்த்துத்தான் அவர் இவ்வளவு நாளும் என்னிடம் பேசத் தயங்கியிருக்கிறார்! இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

சென்ற ஞாயிறு குழு மகாலுக்குப் போனது. நாங்கள் இருவரும் அவர்களோடு தேநீர் குடித்துவிட்டு, சொல்லிக்கொண்டு பிரிந்து, தெப்பக்குளத்துப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தோம். நடுவிலுள்ள மண்டபத்தை எடுக்கவில்லை. காலை நடைக்கு வந்தவர்கள் கழற்றிவைத்த செருப்புகளை எடுத்தோம். இருபத்தேழு படம். வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் முறம் படத்தை, முகம் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியோடு குழுவில் போட்டேன். நான்கு பேர் வேண்டும் என்றார்கள், ஒருவர் வேண்டாம் என்றார். வேண்டாம் என்றவர் அந்த மூத்தவர்தான். கை போதும், கையிலேயே வயது தெரிகிறது என்று எழுதியிருந்தார். அழிக்கவில்லை. அன்றிரவு ஐ.எஸ்.ஓ.வை 200இல் வைத்துவிட்டுத்தான் பையை மூடினேன்.